கார் திருட்டு எச்சரிக்கை ஹாரன்: மின்கோளாறு கண்டறிதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருட்டு எச்சரிக்கைக்காக ஒலிப்பது வண்டியின் வழக்கமான ஹாரன்தானா, அல்லது தனியாக ஒன்று இருக்கிறதா?

அது வண்டிக்கு வண்டி மாறும். எதைச் சோதிக்கிறோம் என்று தெரியாமல் மீட்டரைக் கையில் எடுப்பதில் பயனில்லை என்பதால், முதலில் இதைத்தான் தீர்மானிக்க வேண்டும். சில கார்களில் ஸ்டியரிங் பட்டனை அழுத்தினால் ஒலிக்கும் அதே ஹாரனையே அலாரமும் ஒலிக்கச் செய்கிறது. வேறு சிலவற்றில் பானட்டுக்கு அடியில், பெரும்பாலும் மட்கார்டு ஓரத்திலோ பேட்டரித் தட்டுக்கு அருகிலோ, அலாரத்துக்கென்று ஒரு தனி ஹாரன் இருக்கும். மூன்றாவது வகை, மின்னணுச் சுற்றால் இயங்கும் பிளாஸ்டிக் உடலுள்ள சைரன். கடையில் பொருத்தப்படும் அலாரங்களில் பெரும்பாலும் இதுவே வருகிறது. சில ஐரோப்பிய கார்களில் கம்பெனியே பொருத்தும் சைரனுக்குள் ஒரு சிறிய பேட்டரியும் இருக்கும்.

எந்த வகை என்று அறிய எளிய வழி உண்டு. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு ரிமோட்டில் வண்டியைப் பூட்டுங்கள். அலாரம் முழுமையாக விழித்துக்கொள்ள ஒரு நிமிடம் பொறுத்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு உட்புறக் கைப்பிடியால் கதவைத் திறங்கள். அப்போது வரும் ஒலியை ஸ்டியரிங் ஹாரனின் ஒலியோடு ஒப்பிட்டால் பதில் கிடைத்துவிடும். ஒலியே வராவிட்டால், இண்டிகேட்டர்கள் மின்னுகின்றனவா என்று கவனியுங்கள். அடுத்து வரும் சோதனைகள் பலவும் அந்தக் கவனிப்பையே நம்பியிருக்கின்றன.

சோதனைக்கு என்னென்ன கருவிகள் தேவை?

ஓர் எண்முறை மல்டிமீட்டர், 5 வாட் பல்பு ஒன்று, 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, பியூஸ் கோத்த இணைப்பு ஒயர் இரண்டு, அந்த வண்டிக்குரிய மின்சுற்று வரைபடம். ஒரே நிறத்தில் பல ஒயர்கள் ஓடும் இடத்தில் வரைபடம் இல்லாமல் ஊகத்தால் ஒயரை வெட்டுவதைவிட, வேலையை ஒரு நாள் தள்ளிப்போடுவது மேல்.

பல்புகள் எதற்கு என்று தோன்றலாம். ஹாரனைக் கழற்றிவிட்டு அதன் கப்ளரில் (ஒயர்கள் வந்து மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பான்) பல்பை இணைத்தால், அலாரம் தூண்டப்படும்போது பல்பு எரியும்; ஊர் விழித்துக்கொள்ளாது. 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுப்பதால், வழியில் பலவீனம் இருந்தால் அதைக் காட்டியும் கொடுக்கும். ஆனால் சைரன் வகை அலாரங்களில் மின்சாரம் பெரும்பாலும் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த ஸ்விட்ச்) இல்லாமல் நேராக அலாரம் பெட்டியின், அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியின், டிரான்சிஸ்டரிலிருந்து வருவதால், அங்கே 5 வாட் பல்பை மட்டுமே பயன்படுத்துங்கள். குளிர்ந்த நிலையில் உள்ள பல்பு எரியத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஸ்டியரிங்கைச் சுற்றியுள்ள மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றில் மீட்டர் முனையோ பல்போ ஒருபோதும் படக் கூடாது.

பேட்டரியை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்வது வெறும் சம்பிரதாயமா?

இல்லை. எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 வோல்ட் என்றால் ஏறத்தாழ பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. பேட்டரி தளர்ந்த வண்டியில் அலாரம் தானாக ஒலிப்பதும், பாதியில் நிற்பதும், ஒலிக்காமலே போவதும் எல்லாம் நடக்கும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால், பொதுவாக ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழன்று பேட்டரியை நிரப்பும் மின்னாக்கி) தன் வேலையைச் செய்கிறது எனலாம்.

இண்டிகேட்டர்கள் மின்னுகின்றன, ஒலி மட்டும் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

இண்டிகேட்டர் மின்னுகிறது என்றாலே அலாரம் பெட்டி விழித்திருக்கிறது, கதவு திறந்ததைக் கண்டுகொண்டது, கட்டளையிடவும் முயன்றிருக்கிறது என்று பொருள். ஆகவே சென்சார்களை விட்டுவிட்டு, ஒலி வரும் வழியை மட்டும் பாருங்கள். அந்த வழியில் இருப்பவை நான்கு: பியூஸ் வழியாக வரும் மின்சாரம், அதைத் திறந்து மூடும் ரிலே, ஹாரன், எர்த் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை). இவற்றில் ஹாரனைத்தான் எல்லோரும் முதலில் மாற்றுகிறார்கள். என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்போ பின்போ உள்ள இணைப்புகளில்தான் இருக்கிறது.

வழக்கமான ஹாரனையே அலாரமும் பயன்படுத்தும் வண்டியாக இருந்தால் ஒரு பொத்தானை அழுத்தியே பாதி வேலையை முடிக்கலாம். ஸ்டியரிங் பட்டனுக்கு ஹாரன் நன்றாக ஒலித்து அலாரத்துக்கு மட்டும் ஒலிக்கவில்லை என்றால், ஹாரன், அதன் எர்த், அதற்கு வரும் ஒயர் மூன்றும் சரியாக இருக்கின்றன. கோளாறு அலாரம் பெட்டியிலிருந்து ரிலேவுக்கு வரும் கட்டளை ஒயரில் இருக்கிறது, அல்லது அலாரத்துக்கென்று தனி ரிலே இருந்தால் அந்த ரிலேயில் இருக்கிறது. மாறாக, அலாரத்துக்கு ஒலித்து ஸ்டியரிங் பட்டனுக்கு ஒலிக்காவிட்டால், ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் நாடாச் சுருளையோ பட்டனையோ சந்தேகிக்க வேண்டும். ஏர்பேக் இருக்கும் இடம் என்பதால் அதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

தனி ஹாரன் என்றால், அதன் கப்ளரைக் கழற்றாமல் அதில் அளக்க வேண்டும். உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு அலாரத்தைத் தூண்டச் சொல்லுங்கள். ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றும் அலாரங்களில் ஒரு முறை தூண்டினால் ஒலி 25 முதல் 30 விநாடிகள் மட்டுமே நீடிக்கும் என்பதால், மீட்டரை முன்கூட்டியே பொருத்தி வைத்திருக்க வேண்டும். கட்டளை விட்டு விட்டு வருவதால் மீட்டரின் எண்கள் தாவும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். கப்ளரின் இரு முனைகளுக்கு இடையே 12 வோல்ட் அளவுக்கு வந்தும் ஹாரன் ஊமையாக இருந்தால் ஹாரன் பழுது. மின்சார முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே 12 வோல்ட் இருந்து, கப்ளரின் இரு முனைகளுக்கு இடையே இல்லையென்றால் எர்த் பழுது. எங்குமே எதுவும் வரவில்லை என்றால் ரிலேவை நோக்கிப் பின்னே செல்லுங்கள்.

கப்ளரைக் கழற்றி அளந்தால் மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. புதிய ஹாரன் மாட்டியும் ஒலிக்கவில்லை. இது எப்படி?

இந்தப் பக்கத்தில் மிகவும் பொறுமையாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான்.

எண்முறை மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதாவது அது இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. வழியில் ஒரு கப்ளர் பச்சைக் களிம்பு பூத்து 10,000 ஓம் தடை ஏறியிருந்தாலும், மீட்டர் அதைப் பொருட்படுத்தாமல் 11.99 வோல்ட் என்று காட்டும். அதே வழியில் 4 ஆம்பியர் இழுக்கும் ஹாரனை மாட்டினால் மின்னழுத்தம் முழுவதும் அந்தக் களிம்பிலேயே தீர்ந்துவிடும். ஹாரனுக்கு எதுவும் மிஞ்சாது. களிம்பு அவ்வளவு முற்ற வேண்டும் என்பதுகூட இல்லை. வெறும் 1 ஓம் தடை புகுந்தாலே ஹாரனுக்குக் கிடைப்பது 9 வோல்ட் அளவுக்குக் குறைந்துவிடும்; அப்போது ஹாரன் முனகும், அல்லது மழை நாளில் மட்டும் அடங்கிப்போகும்.

ஓம் அளவீடும் இதே விதத்தில் ஏமாற்றும். பல இழைகள் கொண்ட ஒயரில் ஒரே ஒரு செம்பு இழை மட்டும் அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்தாலும், மீட்டர் அனுப்பும் மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டத்துக்கு அந்த ஓர் இழை போதும். பீப் ஒலியும் வரும், பூஜ்யம் ஓமும் காட்டும். ஹாரனின் சுமையை அந்த இழை தாங்காது.

எனவே கப்ளரைக் கழற்றாமல், ஹாரன் இணைந்திருக்கும் நிலையில், ஒலிக்க வேண்டிய அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும். கப்ளரின் பின்புறமாக மெல்லிய ஊசியை ஒயரை ஒட்டிச் செலுத்தி அளக்கலாம். ஒயரின் மேலுறையைக் குத்தித் துளைக்காதீர்கள், அந்தத் துளை வழியாகத்தான் அடுத்த மழைக்கு ஈரம் இறங்கும். ஹாரனே பழுதாக இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் அதன் இடத்தில் 21 வாட் பல்பை வைத்து அளக்கலாம்.

பேட்டரி பாசிட்டிவில் ஒரு முனை, ஹாரனின் மின்சார முனையில் மறு முனை வைத்து, சுமை ஓடும்போது (அதாவது ஹாரனோ பல்போ மின்னோட்டம் இழுக்கும்போது) அளந்தால் 0.5 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, மறு முனையைப் பியூஸ், ரிலே, கப்ளர் என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எண் திடீரென உயர்கிறதோ, அங்கேதான் குற்றவாளி.

எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எப்படி உறுதி செய்வது?

அதே முறைதான். பேட்டரி நெகட்டிவுக்கும் ஹாரனின் எர்த் முனைக்கும் இடையே, ஹாரன் ஒலிக்கும்போது அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒற்றை ஒயர் ஹாரன்களில் அதன் தாங்கு பட்டையே எர்த். வண்டி மோதிப் பழுதுபார்த்த பிறகு பெயின்ட் அடித்த இடத்தின் மேல் அப்படியே போல்ட்டைப் பூட்டிவிட்டால் அந்த ஹாரனுக்கு எர்த் கிடைக்காது. போல்ட்டைக் கழற்றி, உலோகம் தெரியும்வரை தேய்த்து, திரும்பப் பூட்டி, அதன்மேல் வாசலின் அல்லது கிரீஸ் தடவுங்கள். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இது வருடா வருடம் திரும்ப வரும் வேலை.

ரிலேவைத் தனியாகச் சோதிக்க முடியுமா?

முடியும். ரிலேயின் அடியில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 85, 86 ஆகியவை சுருளின் முனைகள். 30 என்பது மின்சாரம் வந்து சேரும் முனை. 87 என்பது ரிலே இழுக்கும்போது மின்சாரம் வெளியேறும் முனை. ஐந்து முனை ரிலேக்களில் வரும் 87ஏ, ரிலே ஓய்வாக இருக்கும்போது 30உடன் சேர்ந்திருக்கும். சுருளின் தடை பெரும்பாலும் 70 முதல் 100 ஓம் வரை இருக்கும். சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ என்ற ஓசை கேட்க வேண்டும். சுருளுக்கு இணையாக உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் பாசிட்டிவை 86இல் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டயோடு போய்விடும். உறையின்மேல் டயோடின் குறி வரையப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இணைப்பதே பாதுகாப்பு.

ஓசை கேட்டதும் ரிலே நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஓசை சுருளைப் பற்றி மட்டுமே சொல்கிறது. உள்ளே பாயிண்ட்கள் (30ஐயும் 87ஐயும் சேர்த்துப் பிரிக்கும் உலோகத் தொடுமுனைகள்) கருகியிருந்தாலும் அதே ஓசை வரும். சுமையோடு 30க்கும் 87க்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்தால்தான் பாயிண்ட்களின் நிலை தெரியும். அதே வகை ரிலே வேறொரு வேலைக்கு அந்தப் பெட்டியிலேயே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது விரைவான வழி. புதிய வண்டிகள் சிலவற்றில் ரிலே, பெட்டியின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இதற்கு இடமில்லை.

ஹாரன் கரகரக்கிறது, அல்லது தட்டினால் மட்டும் ஒலிக்கிறது.

தட்டு வகை ஹாரனுக்குள் ஒரு மின்காந்தச் சுருளும், அதிரும் தகடும், அந்தத் தகடு இழுபடும்போதெல்லாம் விலகித் திரும்பச் சேரும் ஒரு ஜோடி பாயிண்ட்களும் இருக்கின்றன. பாயிண்ட்கள் ஒட்டிக்கொண்டாலோ துருப்பிடித்தாலோ ‘டொக்’ என்ற ஒரே ஓசையோடு நின்றுவிடும். பின்புறமுள்ள திருகைக் கால் சுற்றுக்கு மேற்படாமல் இருபுறமும் திருப்பிப் பார்த்தால் சில ஹாரன்கள் உயிர் பெறும். ஆனால் ஒலிக்காத ஹாரன் தொடர்ந்து மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும் என்பதால், அதை விநாடிக் கணக்கில் அழுத்திப் பிடிக்காதீர்கள். வாய் மேல்நோக்கிப் பொருத்தப்பட்ட ஹாரனில் நீர் தேங்கும். கீழ்நோக்கித் திருப்பிப் பொருத்துவதே நிரந்தரத் தீர்வு.

சைரனை ஓம் மீட்டரால் சோதிப்பதில் பயனில்லை. உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் எந்த எண் வந்தாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. சிவப்பு, கறுப்பு என்று இரண்டு ஒயர்கள் மட்டும் உள்ள சைரனுக்குப் பியூஸ் கோத்த ஒயரால் நேராக 12 வோல்ட் கொடுத்துக் காதால் கேளுங்கள். கொடுக்கும் முன் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பியூஸ் மாற்ற மாற்ற எரிந்துபோகிறது. பெரிய பியூஸ் போடலாமா?

கூடாது. பியூஸ் காப்பாற்றுவது ஹாரனை அல்ல, ஒயரை. 10 ஆம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 25 ஆம்பியர் போட்டால், அடுத்து எரியப்போவது ஒயரின் மேலுறை.

எரிந்த பியூஸின் இடத்தில் 21 வாட் பல்பை இணைத்து, ஹாரன் கப்ளரைக் கழற்றிவிட்டு அலாரத்தைத் தூண்டுங்கள். பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது. எரியாவிட்டால் ஷார்ட் ஹாரனுக்குள் இருக்கிறது. முதல் நிலையில், பல்பு எரியும்போதே ஒயர்க் கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்துப் பாருங்கள். பல்பு மங்கும் இடமே உரசும் இடம். பானட் கீல், ரேடியேட்டர் தாங்கி, பேட்டரித் தட்டின் கூரிய விளிம்பு ஆகியவற்றை முதலில் தேடலாம். எலியையும் மறக்க வேண்டாம். நான் பார்த்த ஒரு காரில் பியூஸ் மூன்று முறை எரிந்த பிறகு மட்கார்டு உறையைக் கழற்றியபோது, ஒயரின் மேலுறை இரண்டு அங்குல நீளத்துக்குச் சுத்தமாகக் கடித்து உரிக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே தேங்காய் நார்க் கூடு.

நள்ளிரவில் காரணமே இல்லாமல் ஒலிக்கிறது. ஹாரன் கோளாறா?

ஏறக்குறைய எப்போதும் இல்லை. அலாரத்துக்கு யாரோ பொய்த் தகவல் கொடுக்கிறார்கள். அதிகம் மாட்டுவது பானட் திறந்ததை அலாரத்துக்குச் சொல்லும் பானட் ஸ்விட்ச். எஞ்சின் அறையின் ஈரத்திலும் தூசியிலும் இருப்பதால் அதன் முனை துருப்பிடிக்கும். ரப்பர் தேய்ந்து, பானட் மூடியும் முழுமையாக அழுந்தாமல் நிற்கும். இரவின் குளிரில் உலோகம் சுருங்கும்போது விலகும். ஸ்விட்சைக் கையால் அழுத்தியும் விட்டும் மீட்டரில் அதன் நிலை தெளிவாக மாறுகிறதா என்று பாருங்கள். தடுமாறினால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

அடுத்து கதவு ஸ்விட்ச்கள். மூடிய கதவுக்கு மீட்டர் போர்டில் ‘கதவு திறந்திருக்கிறது’ என்ற குறி எப்போதாவது மின்னினால் அதுவே தடயம். டிக்கிக் கதவின் கீலருகே ரப்பர்க் குழாய்க்குள் ஓடும் ஒயர்கள் மடங்கி மடங்கி உள்ளேயே ஒடிவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதிர்வு சென்சாரின் உணர்திறன் அதிகமாக வைக்கப்பட்டிருந்தால் லாரி போனாலும் இடி இடித்தாலும் போதும். தீபாவளி இரவில் ஒரு தெரு முழுக்க வண்டிகள் அலறுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். உள்ளே மீயொலி சென்சார் (காதுக்குக் கேட்காத ஒலியால் அசைவை உணர்வது) உள்ள கார்களில், கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி விட்டுப் போனால் உள்ளே புகும் காற்றே அலாரத்தைக் கிளப்பும்.

எது என்று தெரியவில்லையென்றால், ஒவ்வோர் இரவும் ஒரே ஒரு சென்சாரை மட்டும் துண்டித்து வைத்துப் பாருங்கள். ஒரே நாளில் மூன்றைத் துண்டித்தால் ஒலி நிற்கும். ஆனால் குற்றவாளி தெரியாது. சில கார்களின் கணினி, கடைசியாக அலாரத்தைத் தூண்டியது எது என்பதைப் பதிந்து வைத்திருக்கும்; ஸ்கேனர் உள்ள பட்டறையில் அதைச் சில நிமிடங்களில் படித்துவிடலாம்.

வண்டியின் பேட்டரியைக் கழற்றினாலும் சைரன் அலறுகிறது.

அது கோளாறு அல்ல. உள்ளே தனி பேட்டரி உள்ள சைரனின் வேலையே அதுதான். திருடன் பேட்டரி ஒயரை வெட்டினாலும் ஒலிப்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். வேலைக்கு முன் அலாரத்தை முறைப்படி விடுவித்துவிட்டு, வண்டிக் கையேட்டில் சொன்னபடி சாவியைப் போட்டு எடுத்துப் பின்பு பேட்டரியைக் கழற்றுங்கள். உண்மையான கோளாறு பல ஆண்டுகள் கழித்து வரும்: உள் பேட்டரி கசிந்து, அந்தக் காரம் மின்பலகையை அரித்து, சைரன் நேரங்கெட்ட நேரத்தில் ஒலிக்கும் அல்லது முற்றிலும் ஊமையாகும். அரிப்பு பலகைக்குப் பரவிவிட்டால் முழு சைரனையும் மாற்றுவதே வழி.

அலாரம் பேட்டரியைத் தின்கிறதா?

நிறுத்திய வண்டி 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி போகும். 35 ஆம்பியர் மணி பேட்டரி சில வாரங்கள் தாங்கும். வண்டியைப் பூட்டிய பிறகு கணினிகள் உறங்க அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், உடனே அளந்து பயந்துவிடாதீர்கள். பியூஸ்களின் தலையில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லி வோல்ட் அளந்தால், எந்தச் சுற்று விழித்திருக்கிறது என்பது பியூஸைக் கழற்றாமலே தெரியும்.

ஒரு வேடிக்கையான நிலையும் உண்டு. தொல்லை தாங்காமல் ஹாரன் கப்ளரை மட்டும் யாரோ கழற்றிவிட்டிருப்பார்கள். கட்டளை ஒயர் ஷார்ட் ஆகி ரிலே மட்டும் இழுத்தபடியே இருக்கும். ஒலி இல்லாததால் யாருக்கும் தெரியாது. அந்தச் சுருள் இழுக்கும் 150 மில்லி ஆம்பியர், ஒரு வாரத்தில் 25 ஆம்பியர் மணியைக் காலி செய்துவிடும்.

கடையில் பொருத்திய அலாரத்தில் மட்டும் ஏன் இத்தனை கோளாறு?

அலாரம் பெட்டியைவிட அதைப் பொருத்திய விதமே பெரும்பாலும் காரணம். ஒயரை உரித்து, முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிய இணைப்புகள் வெயிலில் டேப் உருகி நழுவியதும் பிரிந்துவிடும். அவற்றைப் பிரித்துச் சால்டர் வைத்தோ கிரிம்ப் செய்தோ, சூடாக்கினால் சுருங்கும் குழாய் போட்டுவிட்டாலே பாதிக் கோளாறுகள் மறையும். இன்னொன்று: பெட்டியின் ஹாரன் கட்டளை ஒயர், ரிலே ஒன்றின் சுருளை இயக்கும் அளவுக்கே வலிமை உடையது. ரிலே இல்லாமல் அதை நேராகத் தட்டு ஹாரனில் இணைத்திருந்தால், டிரான்சிஸ்டர் சீக்கிரமே எரிந்துபோயிருக்கும்.

தொல்லை தாங்கவில்லை; அலாரத்தை நிரந்தரமாகத் துண்டித்துவிடலாமா?

ஹாரனை மட்டும் துண்டிப்பதென்றால் மேலே சொன்ன ரிலே நிலையைச் சரிபார்த்துவிட்டு, கப்ளரின் வாயை ஈரம் புகாமல் மூடிக் கட்டுங்கள். பியூஸைப் பிடுங்குவதாக இருந்தால் அதே பியூஸில் சென்ட்ரல் லாக்கோ எஞ்சின் தடுப்பானோ சேர்ந்திருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். சேர்ந்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இந்தியாவில் மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகள், புணேயிலுள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் (ஏ.ஆர்.ஏ.ஐ.) அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி தந்தன. உங்கள் பாலிசியில் அந்தத் தள்ளுபடி இடம்பெற்றிருந்தால், துண்டிக்கும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.